தராசுத் தட்டில் ஒரு கூடும் தளத் தேர்வுக் குழுவும்

முத்திரைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் அவர் பெரிய விஷயமாக நினைத்துக் கேட்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டே, பக்கத்துக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த கணினிப் பிரிவுக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"சார், பொழுதுபோக்கா ஒரு வலைப்பூ எழுதலாம்னு இருக்கேன். இன்டர்நெட்ல எத்தனையோ தளம் இருக்காமே, எதுல ஆரம்பிச்சா நல்லது?"

கணினிப் பிரிவுக்காரர் கொப்பளித்த தண்ணீரைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

"இதையெல்லாம் வாயால கேட்கக் கூடாது. எழுத்துல கேளுங்க. மூணு பிரதி."

வம்பு அந்தக் குழாயடியிலேயே ஆரம்பித்துவிட்டது.

எடை அளவை ஆய்வகம் என்பது லேசுப்பட்ட இடமா என்ன? ஊரில் இருக்கிற தராசு, படிக்கல், பெட்ரோல் பங்க் மீட்டர், துணிக்கடை அளவுகோல் எல்லாம் யோக்கியமாக இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் முத்திரை குத்துகிற இடம். அதன் அடித்தளத்தில் ஓர் அறை. அறைக்குள் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் இன்னொரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெல்வெட் துணிமேல் மூலக்கல். ஊரில் உள்ள அத்தனை கிலோவுக்கும் அதுதான் தாய்க்கிலோ. அதை யாரும் தொடக் கூடாது, தொட்டால் தேயும். பக்கத்தில் போய்ப் பார்க்கவும் கூடாது, மூச்சுக்காற்றின் ஈரம் ஏறும். ஆகமொத்தம் அது சரியாக இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மற்ற எல்லாம் தப்பா சரியா என்று சொல்வதற்கு அதுதான் சாட்சி. அந்த ஆய்வகத்தின் குணம் முழுவதையும் அந்தப் பெட்டியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

நம் முத்திரைக்காரர் அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் கல்லும் சுத்தியலும் உள்ள பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைகிறவர். பத்து கிராம் குறைவாக இருந்தால் கடைக்காரரைவிட அதிகமாக அவருக்கு வியர்க்கும். அவ்வளவு சாது.

அவருக்கு வலைப்பூ ஆசை ஏன் வந்தது என்றால், காரணம் இரண்டு. ஒன்று புறா. இன்னொன்று அக்கா.

ஆய்வகத்தின் பின்பக்கம் கழித்துப்போட்ட சாமான்கள் கிடக்கிற கொட்டகை ஒன்று உண்டு. அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பழைய தொங்கு தராசு. அச்சு துருப்பிடித்து அசையாமல் நிற்கும். அதன் இடது தட்டில் ஒரு மணிப்புறா ஜோடி நாலு குச்சியைப் போட்டு, அதைக் கூடு என்று சொல்லிக்கொண்டு, இரண்டு முட்டை இட்டிருந்தது. முத்திரைக்காரர் தினமும் காலையில் பையை எடுக்கப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். அது அவருடைய ரகசிய சந்தோஷம்.

அக்கா வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் ஆயிற்று. எலும்பு கூடிவிட்டது, இனி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், நடந்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். "நடந்து போய்ப் பார்க்க அங்க என்ன இருக்கு?" என்று சலித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளையெல்லாம் பெஞ்சின்மேல் எழுந்து நிற்க வைத்தவள்! தம்பி போன் செய்தால் "ம்" என்பாள். அவன் வைக்கிறேன் என்றாலும் "ம்"தான்.

ஒரு நாள் பேச வேறு ஒன்றும் கிடைக்காமல் அவர் புறாவைப் பற்றிச் சொன்னார். எதிர்ப்பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"முட்டை எத்தனை?"

"ரெண்டுக்கா."

"தராசுலயா? எந்தத் தட்டுல?"

இரண்டு மாதத்தில் அக்கா கேட்ட முதல் கேள்வி. முத்திரைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கடிதம் எழுதட்டுமா, செல்போனில் அனுப்பட்டுமா என்று அடுக்கினார். அக்கா வெட்டிவிட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். ஒருத்தி படுத்துக் கிடக்காளேன்னு பாவம் பார்த்து எழுதுறதைப் படிக்க எனக்கு இஷ்டமில்லை. எழுதுறதா இருந்தா நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது. அந்த வலைப்பூன்னு என்னமோ சொல்றாங்களே, அதுல போடு. நாலு பேரோட அஞ்சாவதா நானும் படிச்சுட்டுப் போறேன்."

வீட்டிலேயே உட்கார்ந்து கமுக்கமாக ஆரம்பித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் ஆய்வக வளாகத்தில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் முன்அனுமதி இல்லாமல் வெளியில் எழுதக் கூடாது என்பது விதி. போன வருஷம் ஒருவர் புதிதாக வந்த நாற்காலியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். அதற்கு அவர் இன்றுவரை விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். தராசு ஆய்வகத்துடையது. தட்டும் ஆய்வகத்துடையது. புறா யாருடையது என்பதில்தான் சந்தேகம். சந்தேகம் என்று வந்தால் முத்திரைக்காரர் மனு எழுதிவிடுவார்.

மனுவுக்கென்று ஒரு படிவம் இருந்தது. எடைக் கருவிகளுக்காக அச்சடித்தது. அதில் 'கருவி' என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டு மேலே 'வலைப்பூ' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். வலைப்பூவின் தாங்கும் திறன் என்ன? வலைப்பூ ஈரத்தில் துருப்பிடிக்குமா? அதற்குக் கடைசியாக எண்ணெய் போட்டது யார்? முத்திரைக்காரர் தெரிந்தமட்டும் நிரப்பினார். உத்தேச வாசகர் எண்ணிக்கை என்ற இடத்தில் உண்மையாக 'ஒருவர்' என்று எழுதினார்.

பதிவறை அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். கோப்புகள் எல்லாம் அவளுடைய ராஜ்ஜியம்.

"அண்ணே, ஒருத்தர்னு போட்டா எப்படி? அனுமதிச்ச பிழை நூத்துக்கு ரெண்டு. ஒரு ஆள்ல ரெண்டு சதவீதம் குறைஞ்சா எந்த இடத்துல குறைப்பீங்க? நூறுன்னு போடுங்க. ரெண்டு பேர் வராட்டியும் தப்பிச்சுக்கலாம்."

நூறு என்று போட்டார். கோப்பு பிறந்தது.

நாலாம் நாள் வலைப்பூத் தளத் தேர்வுக் குழு கூடியது. நடுவில் தலைமை அதிகாரி. ஒரு பக்கம் ஒழுங்குப் பிரிவு அதிகாரி, இன்னொரு பக்கம் கணக்குப் பிரிவு அதிகாரி. மூலையில் பதிவறை அம்மா குறிப்பெடுக்க. கணினிப் பிரிவுக்காரர் தளங்களைக் காட்டி விளக்க வேண்டும். ஆனால் ஆய்வகக் கணினியில் எந்த வலைப்பூத் தளமும் திறக்காதபடி பூட்டு போட்டிருந்தார்கள். போட்டவரும் அவர்தான். திறக்கிற சங்கேதச் சொல்லைப் பாதுகாப்புக் கருதி அவரே மறந்துவிட்டிருந்தார். அதனால் கரும்பலகையில் சாக்பீஸால் நாலு பெட்டி வரைந்தார்.

"இது முதல் தளம். சும்மா கிடைக்கும், அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சிடலாம். ஆனா நாளைக்கே இழுத்து மூடினாலும் கேட்க முடியாது. இது ரெண்டாவது. நம்ம இடம், நம்ம பேர், எல்லாம் நம்ம கையில. அதனால ஒண்ணு ரிப்பேர் ஆனாலும் நம்ம தலையில. மூணாவது பார்க்க ரொம்ப அழகு. ஒரு எழுத்தோட நிறத்தை மாத்தப் போய் ஒரு வாரம் ஓடிடும், எழுத நேரமே இருக்காது. நாலாவதுல கடிதம் மாதிரி வாசகருக்கே நேராப் போயிடும். அவங்க படிக்காம அழிச்சிடுவாங்க."

முத்திரைக்காரருக்குச் சட்டென்று தெளிவு பிறந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் கேட்ட முதல் உருப்படியான பதில் அது. "முதல் தளமே போதும் சார். எனக்கு எழுதினாப் போதும். அழகு, அது இதெல்லாம் வேண்டாம்," என்றார்.

குழு அவரைப் பார்த்துச் சிரித்தது. சின்னப் பிள்ளை எதையோ உளறிவிட்டதைப்போல ஒரு சிரிப்பு.

ஒழுங்குப் பிரிவு அதிகாரி கேட்டார்: "வாசகர் கருத்து எழுதுற வசதி இருக்காமே? அப்ப வெளியாள் நம்ம பதிவுல எழுதுவான். எழுதினா குறை சொல்லுவான். குறை சொல்ல இடம் கொடுத்துட்டு அப்புறம் குறை வருதேன்னா எப்படி? இந்தத் துறையில இத்தனை வருஷமா ஒரு புகார்கூட வராததுக்கு என்ன காரணம்? புகார்ப் பெட்டிக்கு நாம ஓட்டை போடலை. அதான் காரணம்."

எல்லோரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். தலைமை அதிகாரி கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நாலு தளத்தையும் எதோட ஒப்பிடப் போறீங்க?"

எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள்.

"தராசைச் சோதிக்க என்ன வேணும்? கல்லு. கல்லைச் சோதிக்க? மூலக்கல். அப்ப வலைப்பூத் தளத்தைச் சோதிக்க என்ன வேணும்? மூல வலைப்பூ! அப்பழுக்கில்லாத ஒரு வலைப்பூ கையில இல்லாம எந்தத் தளம் நல்லதுன்னு எப்படிச் சொல்லுவீங்க? முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எதையும் எதோடயாவது ஒப்பிடாம நான் நல்லதுன்னு சொன்னதே கிடையாது. என் கல்யாணம்கூட அதனாலதான் ஆறு வருஷம் தள்ளிப்போச்சு."

கணக்குப் பிரிவு அதிகாரி மேசையைத் தட்டிப் பாராட்டினார். தீர்மானம் நிறைவேறியது. மனுதாரர் முப்பது நாளைக்குத் தினம் ஒன்றாக மாதிரிப் பதிவு எழுத வேண்டும். தளம் இன்னும் தேர்வாகாததால் எந்தத் தளத்திலும் எழுதக் கூடாது. ஆகவே காகிதத்தில் எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். கோப்பு தினமும் எல்லாப் பிரிவுகளுக்கும் சென்று அளக்கப்பட்டு, குறிப்புகளுடன் திரும்ப வேண்டும்.

"சார், முப்பது நாள்ல குஞ்சு பொரிச்சு, வளர்ந்து, பறந்தே போயிடும் சார்."

"பறந்தா அதையும் எழுதுங்க. யார் வேண்டாம்னா?"

அன்று சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். தளம் தேடுகிறார்கள், இன்னும் ஒரு மாதத்தில் வந்துவிடும். "ம்," என்றாள் அக்கா.

மறுநாள் முதல் மாதிரிப் பதிவை எழுதினார். தலையைச் சொறிந்து, மூன்று தாள் கிழித்து, எழுதியது இவ்வளவுதான்: 'நாள் ஒன்று. பெண் புறா முட்டைமேல் இருக்கிறது. ஆண் வந்ததும் எழுந்து இடம் கொடுக்கிறது. பணி மாற்றிக்கொள்ள இரண்டும் கையெழுத்துப் போடுவதில்லை. தாமதமும் இல்லை.'

கோப்பு கிளம்பியது. கணக்குப் பிரிவில் எழுத்தெண்ணி, 'எழுபத்து நான்கு எழுத்துகள். இதில் புறாவுக்குரியவை எவை, அலுவலகத்துக்குரியவை எவை எனப் பிரித்துக் காட்டவும்' என்று குறிப்பு வந்தது. ஒழுங்குப் பிரிவிலிருந்து, 'கையெழுத்து பற்றிய வரி யாரைக் குறிக்கிறது?' என்று வந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இதே கதை. நடுநடுவே சம்பந்தமில்லாத சுற்றறிக்கைகளைக் கோப்பில் செருகி அனுப்பினார்கள். சிற்றுண்டிச்சாலைக் கரண்டிகளைத் திருப்பிக் கொடுக்கவும், மாடிப்படியில் இடப்பக்கம் ஏறவும், பழைய குடைகள் விற்பனைக்கு. ஒவ்வொரு பதிவையும் படிக்க இரண்டு சுற்றறிக்கையைப் புரட்டித் தள்ள வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து வந்த குறிப்பில் எழுத்தெண்ணிக்கையைக் காணோம். 'நேற்று மழைக்கு ஒழுகிய ஓட்டுக்குக் கீழேதானே தட்டு இருக்கிறது? நனைந்ததா?' என்று மட்டும் கேட்டிருந்தது.

முத்திரைக்காரர் இதை இரண்டு தடவை படித்தார். பிறகு அடுத்த பதிவைக் கூடுதல் அக்கறையாக எழுதினார்.

ஒன்பதாம் நாள் ஒரு முட்டை பொரிந்தது. இரண்டாவது பொரியவில்லை. அன்று கோப்பு வழக்கமாக எடுத்துக்கொள்கிற மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக நாற்பது நிமிஷத்தில் கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஓரமெல்லாம் பேனா மை. 'இரண்டாவது என்ன ஆயிற்று? உடன் அறிக்கை தேவை.' 'என் சித்தப்பா வீட்டில் ஒரு நாள் கழித்துப் பொரிந்தது. பதறவேண்டாம்.' 'மேற்படி சித்தப்பா பற்றிய குறிப்புக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை.' பத்தாம் நாள் இரண்டாவதும் பொரிந்தது. முதலாவதில் பாதிதான் இருந்தது. எல்லோரும் அதற்குச் 'சின்னது' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் தலைமை அதிகாரியே பச்சை மையில் எழுதினார்: 'குஞ்சுகளுக்குச் செல்லப்பெயர் வைப்பது ஏற்கத்தக்கதல்ல. பெயர் வைத்தால் பாசம் வரும். பாசம் வந்தால் அளவு பிழைக்கும். இது எல்லாப் பிரிவுகளுக்கும் பொருந்தும்.' அதற்குக் கீழேயே, அதே பச்சை மையில், ஒரு மணி நேரம் கழித்து: 'சின்னது சாப்பிட்டதா?'

அப்புறம் சொல்ல வேண்டுமா? கோப்பு வருகிற நேரத்துக்கு மேசைகள் காலியாகிவிடும், எல்லோரும் பதிவறை வாசலில். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். சோதனைக்கு வந்த கடைக்காரர்கள் தராசை மடியில் வைத்துக்கொண்டு தாங்களும் கேட்பார்கள். பதினேழாம் நாள் கழிவுப் பொருள்களை அகற்றும் வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஆறு வருஷத்துக்கு முன் ஆய்வகமே கேட்ட வண்டி. ஒழுங்குப் பிரிவு அதிகாரி செருப்பு போட மறந்து ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். 'மாதிரிப் பதிவு நிலுவையில் உள்ளவரை மேற்படி தராசை அசைப்பது குழுவின் மாண்பைக் குலைக்கும்' என்று அங்கேயே வண்டியின்மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தார்.

முத்திரைக்காரருக்குச் சந்தோஷம்தான், இல்லாமல் என்ன? ஆனால் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அது வடிந்துவிடும். ஊரே படிக்கிறது, அக்காவைத் தவிர. போனில் ஒரு வரி வாய்விட்டுச் சொல்லப் பார்த்தார்.

"சொல்லாதேன்னேன்ல? வலைப்பூ வரட்டும்," என்றாள் அக்கா. "வராட்டி விடு."

அந்த 'விடு'தான் அவரைத் தூங்கவிடவில்லை. அக்காவைப் பார்த்துக்கொள்ள வருகிற நர்ஸ் அம்மாவிடம் போனில் தனியாகக் கேட்டார். வாக்கர் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்றாள். கால் தசை இப்படியே கிடந்தால் அப்புறம் நடக்கவே வராது என்று டாக்டர் சத்தம் போட்டாராம்.

இருபத்திரண்டாம் நாள் பெரியது பறந்தது. சின்னது பறக்கவில்லை. தட்டின் விளிம்பில் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும், மடக்கும், மறுபடி கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மூன்று நாள் இப்படியே. மூன்றாம் நாள் தலைமை அதிகாரி 'நேரடி ஆய்வு' என்று பெயர் சொல்லிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பின்னாலேயே முழு அலுவலகமும்.

கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு வந்துவிடும். "நண்பர்களே, பறப்பதுங்கிறது ஒரு பொறுப்பு. அவசரப்பட்டுப் பறக்கிறவன் விழுறான். பாருங்க, இந்தக் குஞ்சு யோசிக்குது. நிலுவையில வைக்குது. இந்த ஆய்வகத்தோட பண்பாடு அதுக்குள்ள இறங்கிடுச்சு..."

சின்னது பறந்துவிட்டது. அவர் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, சுவரைத் தாண்டி, போயே போய்விட்டது. ஒழுங்குப் பிரிவு அதிகாரி கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

முப்பதாம் நாள் குழு மறுபடி கூடியது. கரும்பலகையில் அந்த நாலு பெட்டி அப்படியே இருந்தது. தலைமை அதிகாரி எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார்.

"நாலு தளத்தையும் மாதிரிப் பதிவோட ஒப்பிட்டோம். ஒரு தளத்துலயும் பச்சை மை கிடையாது. ஒரு தளத்துலயும் யார் எந்தத் தேதியில படிச்சாங்கன்னு கையெழுத்து கிடையாது. ஆனா ஒரே ஒரு தளத்துல தினமும் பதிவு வந்தது, வாசகர் குறிப்பு வந்தது, ஒரு பக்கம்கூடக் காணாமப் போகலை. அது எது? கோப்பு! வலைப்பூவுக்கு உகந்த தளம் கோப்புதான்னு இந்தக் குழு ஒருமனதாத் தீர்மானிக்குது. இதுவே உலகத்தோட முதல் மூல வலைப்பூ. இனிமே இதுக்கு மூலக்கல்லுக்கு உண்டான மரியாதை எல்லாம் உண்டு."

கைதட்டல் அடங்குவதற்குள் முத்திரைக்காரருக்குப் பொறி தட்டியது. மூலக்கல்லுக்கு உண்டான மரியாதை என்ன என்று அவருக்குத் தெரியாதா?

"சார்... அப்ப யாரும் படிக்கக் கூடாதா?"

"படிச்சா பக்கம் தேயும்ல?" என்றார் தலைமை அதிகாரி, அன்பாக.

அன்றே கோப்பை வெல்வெட் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, அடித்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அரக்கின்மேல் முத்திரை குத்த ஆள் வேண்டுமே? குத்தியவர் நம் ஆள்தான். முதல் அடி அரக்கில் படாமல் தவறியது. அலுவலகம் அதைப் பெருமை தாங்காத தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி கை தட்டியது. பதிவுகளுக்குப் பிரதி கிடையாது. பிரதி எடுத்தால் மூலம் எது என்ற குழப்பம் வரும் என்று அதையும் தடுத்திருந்தார்கள்.

அவர் பதிவறைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பதிவறை அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அக்காவை, வாக்கரை, பிரிக்காத பிளாஸ்டிக் உறையை, 'விடு' என்ற சொல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அலுவலகத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னண்ணே நீங்க!" என்றாள் அவள். கோபமாகவே சொன்னாள். "உங்கக்காவுக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் தினமும் கையால எழுதியாவது கொடுத்திருக்க மாட்டேனா? சரி, விடுங்க. அதை மூலக்கல்னு சொன்னது யாரு?"

"தலைமை அதிகாரி."

"மூலக்கல்லுன்னா வெளியூர்க்காரங்க கேட்டா அதுமாதிரியே ஒரு துணைக்கல் செஞ்சு அனுப்பணும்ல? ஏழு நாள்ல அனுப்பியே ஆகணும். மாட்டோம்னு சொல்ல விதியே கிடையாது. உங்கக்கா எந்த ஊர்?"

"வெளியூர்."

"அப்புறம் என்ன? ஒரு கடுதாசி எழுதச் சொல்லுங்க."

அக்காவிடம் சொன்னபோது, அவள் முதலில் நம்பவில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டாள். இவர் உள்ளபடி சொன்னார், கடைக்காரர்களையும் சேர்த்து. "எனக்காக எழுதலையே?" என்று இரண்டு தடவை கேட்டாள். "இல்லக்கா, குழு கேட்டுச்சு, எழுதினேன்," என்றார். பொய்யும் இல்லை. படுத்தபடியே அக்கா நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினாள். அதில் பிழை பிடிக்க ஒழுங்குப் பிரிவாலேயே முடியவில்லை.

துணைக்கல் செய்வதென்றால் சும்மாவா? மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் எழுத, ஒருவர் உரக்கப் படிக்க, எல்லாப் பிரிவுத் தலைவர்களும் சாட்சியாக உட்கார வேண்டும். ஏழு நாள் படித்தார்கள். ஓரத்துக் குறிப்புகளையும் விடவில்லை. கரண்டிச் சுற்றறிக்கையையும் விடவில்லை. சின்னது தட்டு விளிம்பில் நின்ற மூன்று நாளையும் தலைமை அதிகாரியே கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார், ஒப்பீட்டின் துல்லியத்துக்காக.

பொட்டலம் அரக்கு முத்திரையோடு துறையின் சிப்பந்தி கையில் போயிற்று. அடுத்த நாள் அக்காவிடமிருந்தே போன். எடுத்ததும் திட்டுதான்.

"என்னடா ஆபீஸ் அது? பொட்டலத்தைத் தூக்கிட்டு ஒருத்தன் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நிக்கிறான். உள்ள வாய்யான்னா, வரமாட்டேங்கிறான். துறை ஆள் தனியார் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதாம், அப்புறம் லஞ்சம்னு பேர் வருமாம். நர்ஸ் கையெழுத்துப் போடுறேன்னா, கேட்டவங்களே வந்து போட்டாத்தான் கொடுப்பானாம். மரம் மாதிரி நிக்கிறான்!"

"அடடா. அப்புறம் என்னக்கா பண்ணினே?"

"என்ன பண்ணுவாங்க? போனேன்."

முத்திரைக்காரர் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போனியா?"

"கத்தாதே. அந்த வாக்கர் சனியனைப் பிரிச்சு எடுத்து, இருபத்தாறு அடி. நடுவுல ரெண்டு தடவை நின்னேன். அவன் 'மெதுவா வாங்கம்மா, அலுவலக நேரம் அஞ்சு மணி வரை'ங்கிறான், தைரியம் சொல்றானாம்."

"வலிச்சுதா?"

"வலிக்காம? அதை விடு. உன் எழுத்து சுமார்தான். அந்தச் சித்தப்பா வீட்டுக் கதை எழுதினவர் உன்னைவிட நல்லா எழுதுறார். நான் இருபத்துமூணாம் நாள்ல நிக்கிறேன். சின்னது பறந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாதே!"

"சொல்ல மாட்டேன்க்கா."

"பச்சை மையில ஒருத்தர் எழுதியிருக்காரே, பாசம் வந்தா அளவு பிழைக்கும்னு. யார்றா அவர்? அந்தக் குறிப்புக்கு ஒரு பதில் எழுதி வெச்சிருக்கேன். தபால்ல சேர்க்கணும்."

"நர்ஸ் அம்மாகிட்ட கொடுத்திடேன், போகும்போது போட்டுடுவாங்க."

"அவ எதுக்கு? தபால் பெட்டி தெருமுனையிலதானே இருக்கு," என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில நானே போய்ப் போட்டுக்கிறேன்."